கலவைக்கூடத்துச் சிறுநீர்ப் பரிசோதனை

2024 யூன் 11, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். றப்பர் அரைக்கும் கலவைக்கூடத்துக்குப் பக்கத்திலுள்ள கழிவறையின் பூட்டுத் திறப்பை நேற்றே களஞ்சியத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். களஞ்சியப் பொறுப்பாளர் இன்று நாவற்குடாவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். ஆகவே வருடாந்தச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வந்த கலவைக்கூடத்தார் எல்லோரையும் வாசற் காவலரின் கொட்டிலுக்குப் பின்னாலுள்ள கழிவறையைப் பாவிக்கச் சொன்னேன். வாசற் காவலர் என் அக்காவின் கணவர், சுதாகரன் அத்தான். ஒரே வீட்டில் இருக்கிறோம். அதனால் கேட்பது இலகுவாக இருந்தது.

மற்றபடி எல்லாம் நன்றாகவே நடந்தது. போன வருடம் முழு நாளும் பிடித்த வேலை இம்முறை காலைத் தேநீருக்கு முன் முடிந்துவிட்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. போத்தலின் மூடியை இறுக்கி, துடைத்து, பெயர் ஒட்டிய பக்கம் எனக்குத் தெரியும்படி தந்தார்கள். ரோலர் இயந்திரத்தில் நிற்கும் மதுரன் அண்ணன் என்னைக் கண்டால் எதையாவது சொல்லிச் சீண்டாமல் விடமாட்டார். இன்று "நன்றி மிஸ்" என்றார். இரண்டு குறைகளை மட்டும் கண்டேன். எல்லாப் போத்தல்களிலும் அளவு குறைவு. கொட்டிலைச் சுற்றி இளநீர்க் கோம்பைகள் கிடந்தன.

அறிக்கையில் "ஒத்துழைப்பு மிக நன்று" என்று எழுதினேன்.

இந்த நாட்குறிப்பை வாசிக்கப்போவது மாலை வகுப்பு றமீஸா மிஸ். ஆகவே கம்பனியைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டும். பழைய லொறி, பஸ் டயர்களுக்குப் புதிய றப்பர் ஒட்டித் திரும்ப ஓட வைப்பது எங்கள் தொழில். செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் கொஞ்சத் தூரம் போக வேண்டும். கலவைக்கூடத்தில் றப்பரோடு கரித்தூள், எண்ணெய், கந்தகம், பெயருக்குப் பதில் இலக்கம் மட்டுமே உள்ள சில தூள்கள் எல்லாம் சேர்த்து அரைப்பார்கள். நான் அலுவலகத்தில் எழுதுவினைஞர். தொழிற் பாதுகாப்பு வகுப்புக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் முகாமையாளர் திரு. நல்லரத்தினம் என்னைச் சுகவாழ்வுக் குழுவின் செயலாளராக்கினார். அப்போது வகுப்பு தொடங்கி இரண்டாம் வாரம். அறிக்கையில் என்னைப் "பயிற்சி பெற்ற அலுவலர்" என்று போட்டார். நாங்கள் இன்னும் ஏணியை எப்படிச் சாத்துவது என்ற பாடத்தில்தான் நிற்கிறோம் என்று சொன்னேன்.

"ஏணியிலதான் எல்லாரும் ஏறுறது, பிள்ளை" என்றார்.

அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை.

2024 யூன் 20, வியாழன்

பெறுபேறு வந்துவிட்டது. முதல் தாளில், "சிறுநீரில் குருதிக் கலங்கள் உள்ளன. சந்தேகத்துக்குரிய வேறு கலங்களும் உள்ளன. உடனடி மேலதிகப் பரிசோதனை அவசியம்" என்று இருந்தது. இரண்டாம் தாளைத் திருப்பினேன். அதிலும் அதே வசனம். மூன்றாவதிலும் அதே. கலவைக்கூடத்தில் ஒருவர் மிச்சமில்லை.

பிற்பகல் சுகவாழ்வுக் குழு அவசரமாகக் கூடியது. முகாமையாளர், மாதம் ஒருமுறை வரும் கம்பனி டொக்டர், சிற்றுண்டிச்சாலைப் பொறுப்பாளர், நான். எங்கள் கையேட்டின்படி புற்றுநோய் என்ற சொல்லை வளாகத்துக்குள் பாவிக்கக் கூடாது. அதற்குப் பதிலாக "அந்த விடயம்" என்று சொல்ல வேண்டும். அதையும் எழுதும்போது சிறிய எழுத்தில் எழுத வேண்டும். தமிழில் சிறிய எழுத்து எப்படி என்று போன மாதம் கேட்டிருந்தேன். "நெருக்கி எழுதும்" என்றார்கள்.

குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை முடிந்து, முகாமையாளர் எழுந்தார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்:

"இந்தத் தொழிற்சாலை தொடங்கிய நாள்முதல் எமது ஊழியர் ஒருவருக்கேனும் அந்த விடயம் வந்ததில்லை. இது பெருமைக்குரிய சாதனை. வந்தவர்கள் எல்லோருக்கும் விருப்ப ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது. சிலருக்கு ஓய்வு பெற்ற அன்றே பிற்பகல் வந்தது. ஆனால் ஓய்வு காலையில். இந்த ஒழுங்கை நாங்கள் ஒருபோதும் தவறவிட்டதில்லை."

சிற்றுண்டிச்சாலைப் பொறுப்பாளர் கை தட்டினார். நானும் தட்டினேன். மற்றவர் தட்டும்போது சும்மா இருப்பது முறையல்ல என்று நினைத்துத் தட்டினேன். இப்போது எழுதும்போது அது சரியாகப் படவில்லை.

டொக்டர் தாள்களைச் சீட்டுக்கட்டுப்போல விரித்துப் பார்த்தார். "எல்லாருக்கும் ஒரே நாளில, ஒரே அளவில அந்த விடயம் வர ஏலாது" என்றார். "நோய் எண்டது ஒழுங்கில்லாத சாமான். ஒராளப் பிடிக்கும், பக்கத்து ஆள விடும். இவ்வளவு ஒழுங்கா வாறது நிருவாகம் மட்டும்தான். ஆகவே இது நோயில்ல."

"அப்போ குருதி, சேர்?" என்று கேட்டேன்.

"என்ன சமைக்கிறீங்கள்?" என்று அவர் பொறுப்பாளரைக் கேட்டார்.

பொறுப்பாளர் தலையைக் குனிந்துகொண்டு, கிழமையில் இரண்டு நாள் பீட்றூட் கறி என்று ஒப்புக்கொண்டார். அறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். இன்று முதல் பீட்றூட் தடை. சிவப்பு அரிசியும் செவ்விளநீரும் மறு அறிவித்தல் வரை நிறுத்தம். வாசலிலுள்ள செவ்வரத்தம் பூக்களைப் பற்றியும் பேச்சு வந்தது. ஊழியர்கள் பூ தின்பதில்லை என்று நான் சொன்னதன் பேரில் அது ஒத்திவைக்கப்பட்டது.

கூட்டம் முடிந்து கலவைக்கூடத்துக்குப் போனேன். ரோலரை நிறுத்திவிட்டு மதுரன் அண்ணன் கையைச் சாறனில் துடைத்துக்கொண்டு வந்தார். பல்லைத் தவிர அவரில் எல்லாம் கறுப்பு.

"என்னகா தங்கச்சி, எங்கள எல்லாரையும் ஒரு பெட்டியில வெச்சே அனுப்பப் போறாங்களாமே?"

"பகிடிய விடுங்க அண்ணன். எல்லாருக்கும் ரத்தம் எண்டு வந்திரிக்கி."

"எல்லாருக்கும் எப்பிடி வரும்? வந்தா ஒராளுக்குத்தான் வரும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ ஆரிட்டயும் சொல்லாத. பரிசோதனையில பெயிலானா மறுநாள் விருப்ப ஓய்வு. எனக்கு ரெண்டு புள்ளயள் படிக்குதுகள். தன்ர மூத்திரத்தத் தானே குடுத்து வீட்ட போக எவனுக்கு விசரா? அதான் கூடத்துல எல்லாரும் கூடிப் பேசினம். குடி இல்லாத, சுருட்டு இல்லாத, வருசா வருசம் கதிர்காமத்துக்கு நடந்து போற ஒரு சுத்தமான மனிசன். கூடத்த விட்டுக் கேற்றுக்கு மாறி, நல்ல காத்துல குந்தி இரிக்கார். விடியக்காத்தால இருந்து மாறி மாறி இளநி வெட்டிக் குடுத்து, மறுகா ஆளுக்கு ரெண்டு கரண்டி..."

அங்கே நிறுத்திவிட்டார். அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"லெபோறட்டரிக்காரன்ட பிழையா இரிக்கும் தங்கச்சி" என்றார்.

பின்னால் நின்ற ஒருவர், "அப்ப எங்களுக்கு ஒண்டுமில்ல" என்றார். அந்தச் சொல் கூடமெங்கும் போனது. ஒண்டுமில்லையாம், ஒண்டுமில்லையாம். யாரோ விசிலடித்தார். ஏறாவூரிலிருந்து வரும் மீராசாஹிப் நானா மட்டும் கரித்தூள் மூட்டையில் இருந்து எழும்பாமல் சொன்னார்:

"ஒண்டுமில்ல எண்டு எப்பிடிடா தெரியும்? உன்ட மூத்திரத்த ஒருத்தனும் பாக்கல்லயே."

விசில் நின்றது. ரோலர் மீண்டும் ஓடத் தொடங்கியது.

2024 யூன் 21, வெள்ளி, பூரணைப் போயா விடுமுறை

கிணற்றடியில் அக்கா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். கேதீஸ்வரி அக்கா எதையும் நேரே சொல்பவள். தலையணை உறையைப் பிழிந்து, வெயிலுக்குப் பிடித்துக் காட்டினாள்.

"கேற்றுக்கு மாறி ரெண்டு வருசம் ஆகுது. இன்னும் தலைகாணி சாம்பல் நிறத்துல வேர்க்குது. மனிசனுக்குள்ள எவ்வளவு கரி கிடக்கு பார்."

அத்தான் பன்னிரண்டு வருடம் கலவைக்கூடத்தில் இருந்தவர். இருமல் வந்ததால் வாசலுக்கு மாற்றினார்கள். எங்கள் கையேட்டின்படி, பரிசோதனை நாளில் ஒருவர் எந்தப் பிரிவில் இருக்கிறாரோ அதுவே அவருடைய பிரிவு. முன்பு இருந்த பிரிவுகள் உடம்பில் சேரா. ஆகவே அத்தானைப் பரிசோதிக்க வேண்டியதில்லை. கம்பனியில் உண்மையாகப் பரிசோதிக்கப்பட்ட ஒரே ஆள் அவர்தான். பரிசோதிக்கத் தேவையில்லாத ஆளும் அவர்தான். இதை இருமுறை எழுதிப் பார்த்தேன். பிழை இருப்பதாகத் தெரியவில்லை.

அக்கா உள்ளே போனதும் அவரிடம் கேட்டேன். வேலிக்கு ஓலை கட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஒண்ணுக்குப் போகக்குள்ள நிறம் ஏதும்?"

"ஆர் சொன்ன, மதுரனா? அவன்ட வாய்க்குள்ள ஒரு சாமானும் நிக்காது." ஓலையை முடிந்தார். "ரெண்டு மாசமாக் கொஞ்சம் தேத்தண்ணி நிறம். வெயில்ல குந்தி இரிக்கிறதெண்டு நினைச்சன். நோவு ஒண்டும் இல்ல."

"நாளைக்கே ஆசுபத்திரிக்குப் போவம். சும்மா பாக்கிறது, காசும் இல்ல."

"காசில்லத்தான். க்ளினிக் கொப்பி?"

வெளியே எங்காவது க்ளினிக் போனால் நோய் விபரம் எழுதித் தரும் அந்தக் கொப்பியைச் சுகவாழ்வுக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. குழுவின் செயலாளர் நான். அத்தானுடைய கொப்பியில் எழுதியிருப்பதும் கலவைக்கூடத்தாரின் தாள்களில் இருப்பதும் ஒன்று என்பதைக் கண்டுபிடிக்க டொக்டர்கூடத் தேவையில்லை. கண்டுபிடித்தால் அத்தனை பேருக்கும் வேலை போகும். அத்தானுக்கும் விருப்ப ஓய்வு. அந்தக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்வதும் என் வேலை.

"அவனுகள்ற சோத்துல மண்ணள்ளிப் போட்டுத்து நான் என்னத்துக்கு மச்சாள் உயிர வெச்சிக்கிட்டு?" என்றார் அத்தான்.

இதிலிருந்து சனிக்கிழமை எழுதுகிறேன். நான் இரவு முழுக்கக் கையேட்டை வாசித்தேன் என்று எழுத நினைத்தேன், ஆனால் ஒன்பது மணிக்கே நித்திரையாகிவிட்டேன். அதற்குள் ஒரு விதியைக் கண்டேன். "ஆன்மீகப் பாதயாத்திரை" செல்லும் ஊழியருக்குச் சம்பளமில்லாத நீண்ட விடுப்பு உண்டு. திரும்பி வந்ததும் எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஆசுபத்திரிக்கு ஒரு நாள் போனால் கேட்பார்கள், கதிர்காமத்துக்குப் பல நாள் போனால் கேட்கமாட்டார்கள். காலையில் அத்தானிடம் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"முருகன்ட பேரில பொய் லீவு எடுக்கிறதா?"

"கம்பனிக்கு மூத்திரத்தில பொய் சொன்னீங்கதானே, அத்தான்?"

"கம்பனி முருகனில்ல, மச்சாள்."

2024 யூன் 24, திங்கள்

வகுப்பில் இன்றும் ஏணி. சுவருக்கும் ஏணிக்கும் இடையில் எவ்வளவு சாய்வு இருக்க வேண்டும் என்று படித்தோம். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு றமீஸா மிஸ்ஸிடம் கேட்டேன். பெயர் சொல்லவில்லை. றப்பர்க் கலவை வேலையில் நீண்ட காலம் இருந்து, பிறகு விலகிய ஒருவருக்குச் சிறுநீரில் குருதி வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

மிஸ் பாடத்திட்டத்தைப் புரட்டினார். "அது ஒன்பதாம் அலகு. நாம இப்ப மூணாம் அலகு" என்றார்.

"சரி மிஸ்" என்று பையை எடுத்தேன்.

சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மிஸ் ஸ்கூட்டியை என் அருகே நிறுத்தினார். "றப்பர்த் தூசியும் புகையும் வேலைய விட்டதோட உடம்ப விடாது நிருஷா. மூத்திரம் தங்குற சலப்பையில அது பத்து, இருபது வருசம் கழிச்சும் காட்டும். நோவு இல்லாம வாறதுதான் அதுர பழக்கம். நேரத்தோட பிடிச்சா வெட்டி எடுத்துப்போட்டு ஆள் வீட்ட வந்திருவார். சுணங்கினா இல்ல." பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். "ஒன்பதாம் அலகு வரைக்கும் அந்த ஆளக் காத்திருக்கச் சொல்லாதீங்க."

இதை மிஸ்ஸும் வாசிப்பார். மன்னிக்க வேண்டும் மிஸ், ஆளின் பெயர் முதற் பக்கத்திலேயே இருக்கிறது.

2024 யூன் 27, வியாழன்

காலையில் வேலை தொடங்க முன்பே இரண்டாவது கூட்டம். கொழும்பிலிருந்து சுகவாழ்வுக் கேடயம் கொடுக்க வருகிறார்கள். அதற்கு முன் நல்ல பெறுபேறு ஒன்று வேண்டும். பீட்றூட்டை நிறுத்தியாயிற்று. ஆனாலும் ஊழியர்களை நம்பித் திரும்பப் போத்தல் கொடுக்க முடியாது என்றார் டொக்டர். "அவங்கட சிறுநீரில ஏதோ ஒரு ஒழுங்கீனம் இருக்கு."

நான் எழுந்து, நிறையத் திக்கி, ஒவ்வொருவரையும் பெரியாசுபத்திரிக்கு அனுப்பி, தனித்தனியாக, வேலைக்குப் பாதிப்பில்லை என்று எழுத்தில் உறுதி கொடுத்துப் பரிசோதித்தால் என்ன என்று கேட்டேன்.

எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"தனித்தனியாப் பாத்தா தனித்தனியா வரும், பிள்ளை" என்றார் முகாமையாளர். பிறகு மேற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஒரு தலைவன் தன் மக்களுக்காக எதையும் கொடுக்க வேண்டும். நான் புகைப்பதில்லை. நாள்தோறும் வாவிக்கரையில் நடக்கிறேன். கலவைக்கூடத்துக்குள் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. என்னைவிடத் தூய்மையானவர் இந்த நிறுவனத்தில் யார்? அவர்கள் அனைவருக்காகவும் நானே தருகிறேன்."

டொக்டர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சிற்றுண்டிச்சாலைப் பொறுப்பாளர் கண்ணைத் துடைத்தார். கலவைக்கூடத்தார் வேலி மறைவில் ஒளித்துச் செய்ததை, இவர்கள் தீர்மானமாக நிறைவேற்றி, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு பதியச் சொன்னார்கள். பதிந்தேன்.

அதன்பின் காலை முழுவதும் முகாமையாளருக்கு வெள்ளித் தட்டில் நெல்லிக் கிரஷ் பானம் போனது. சீனி போதுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். அவருடைய அறைக்குள் போத்தல்களை வரிசையாக அடுக்கினேன். மதியத்துக்குள் முழுக் கலவைக்கூடமும் நிறைந்துவிட்டது.

2024 யூலை 5, வெள்ளி

பெறுபேறு. குருதி இல்லை. சந்தேகத்துக்குரிய கலங்கள் இல்லை. கலவைக்கூடத்தார் அனைவருக்கும் சிறுநீரில் சீனி மிக அதிகம். உடனே வைத்தியரைக் காணவும்.

முகாமையாளர் அறிவிப்புப் பலகையில் தன் கையாலேயே எழுதினார்: "அந்த விடயம் முற்றாக ஒழிக்கப்பட்டது." அதன் கீழே, இன்று முதல் கலவைக்கூடத்துக்குச் சீனி போடாத தேநீர் என்று இருந்தது.

பத்து மணிக்கு மதுரன் அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது என்ன கசாயம்?"

"உங்களுக்குச் சீனி வருத்தமாம், அண்ணன்."

"எனக்கா? நான் போத்திலே தரல்லயே!"

"அதுதான் தெரியும்" என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார், பிறகு நிறுத்தினார். மூட்டை தூக்கி, கரி தின்று, வேர்த்து, சீனி இல்லாத தேநீரைக் குடித்துக்கொண்டு எல்லோரும் சுவரோரம் குந்தியிருந்தார்கள். மறுத்தால் போன முறை யாருடையது என்று கேட்பார்கள். ஒத்துக்கொண்டால் இந்தத் தேநீர். மீராசாஹிப் நானா தன் கோப்பையை மெதுவாக மண்ணில் ஊற்றினார்.

இன்னொரு ஆளுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்று தோன்றியது. முகாமையாளரின் அறைக்குப் போனேன். மூன்று கரண்டி போட்ட தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"சேர், நீங்களும் ஒருக்கா சீனி செக் பண்ணினா நல்லம்."

"ஏன்?"

"அந்தப் போத்தல்களில இருந்தது..."

"கலவைக்கூடத்துப் போத்தல்" என்றார் அவர். "அவங்கட வியாதிய என்ர தலையில கட்டாத, பிள்ளை. எனக்குப் பரிசோதனை தேவையில்ல. நான் ஆபத்துப் பிரிவில இல்ல."

அவர் முகத்தில் பொய் இருக்கவில்லை. அத்தானுடைய முகத்திலும் அப்படித்தான் இருந்தது, வேலி கட்டும்போது.

2024 யூலை 9, செவ்வாய்

கேடய விழா. மேளம், பூரண கும்பம், பொன்னாடை. படம் எடுப்பதற்காகக் கலவைக்கூடத்தார் எல்லோருக்கும் புதிய முகக்கவசம் கொடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்தேன். அதுவும் செயலாளரின் வேலை. சிலவற்றில் அந்தச் சில நிமிடத்திலேயே மூக்கு வைத்த இடம் கறுத்திருந்தது. அவற்றை அடியில் வைக்கச் சொன்னார்கள்.

பிரதம விருந்தினர் நல்ல தமிழில் பேசினார்:

"இந்தக் கலவைக்கூடம் நாட்டுக்கே எடுத்துக்காட்டு. இங்கே எத்தனை உடல்கள், ஆனால் ஒரே அறிக்கை! நீரிழிவு என்பது முன்னேறிய சமூகங்களின் வியாதி. அந்த விடயத்திலிருந்து இரண்டே வாரத்தில் சீனிக்கு முன்னேறிய வேறொரு தொழிற்சாலையை நான் கண்டதில்லை. ஊழியர்களின் உடலை நிருவாகம் எவ்வளவு தன்னுடையதாக நினைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

முகாமையாளர் அடக்கமாகத் தலை குனிந்தார். கேடயத்தை ஊழியர் சார்பில் வாங்க மதுரன் அண்ணனை மேடைக்கு அழைத்தார்கள். பிரதம விருந்தினர் அவர் கையைக் குலுக்கிவிட்டுத் தன் கையைப் பார்த்தார். ஒருவர் ஓடிவந்து கடதாசிக் கைக்குட்டை கொடுத்தார்.

வாகனங்கள் போன பிறகு அத்தான் வாசலில் இருந்து கையசைத்தார். போனேன். கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிப்போனார். கழிவறையில் தண்ணீர் ஊற்றாமல் வைத்திருந்தார்.

பார்த்தேன். எங்கள் வீட்டிலோ கம்பனியிலோ பீட்றூட் சமைத்து வெகு நாளாகிறது.

"மேளம் அடிக்கக்குள்ள வந்தது" என்றார். "அக்காட்டச் சொல்லாத."

"சொல்லத்தான் போறன்."

அவர் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். பிறகு இன்னொரு வாளி. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேலேயே இருந்தார்.

"கந்தன்ட லீவ எடுத்துத்து ஆசுபத்திரிக்குப் போனா அவர் கோவிப்பாரா, மச்சாள்?"

"தெரியாது" என்றேன். அந்தப் பதில் போதாது என்று தோன்றியது. "கோவிக்க மாட்டார்" என்றேன்.

இருவருமாக அறைக்குப் போனபோது முகாமையாளர் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதயாத்திரை விடுப்பு என்றதும் உடனே கையொப்பம் வைத்தார். "ஆன்மீகம் நல்லது. அது அறிக்கையில வராது" என்றார். "சுதாகரன், எனக்கும் ஒரு கற்பூரம் கொளுத்து. கொஞ்ச நாளா ராவில தண்ணி விடாய் தாங்க ஏலாமக் கிடக்கு. நாலு தரம் எழும்புறன்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். முகாமையாளர் கையை உயர்த்தி, "கலவைக்கூடத்துக் கதையெண்டா வேண்டாம்" என்றார்.

கலவைக்கூடத்துக்குப் போய், நாளை ஆசுபத்திரிக்குப் போவதாகச் சொன்னேன். யாரும் வரலாம், அவரவர் வேலை எது என்று அங்குள்ள டொக்டரிடம் சொன்னால் அவர்களாகவே பரிசோதிப்பார்கள் என்றேன். ரோலர்கள் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

மதுரன் அண்ணன் கழுத்தில் இன்னும் மாலை கிடந்தது. "கேடயம் தந்த மறுநாளே போனா கேடயத்துக்கு மரியாத இல்ல தங்கச்சி" என்றார். கண்கள் பகிடியில் இல்லை. "புள்ளயள்ற சோதின முடியட்டும். மறுகா பாப்பம்."

மற்றவர்கள் என்னைப் பார்க்காமல் வேலை செய்தார்கள். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது மீராசாஹிப் நானா பின்னால் வந்தார்.

"எத்தின மணி பஸ்?"

"முதல் பஸ் நானா. லீவு கேட்டீங்களா?"

"கேக்கல்ல. வரமாட்டன் எண்டு மட்டும் சொன்னன்." நடந்துபோனவர் நின்று திரும்பினார். "என்ர போத்தில் எனக்கே தருவாங்கதானே?"

"ஓம் நானா."

வீட்டில் சொன்னேன். அக்கா அழவில்லை. முதலில் அத்தானை ஏசினாள், பிறகு மதுரன் அண்ணனை, பிறகு என்னை. ஏசிக்கொண்டே அத்தானுடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினாள். அத்தான் தன் நேர்த்திக் காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து, நாளை கதிர்காமத்துக்கு நடக்கப்போகும் அயல்வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வந்தார். இந்த வருடம் பின்னால் வருவதாகக் கந்தனிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டாராம்.

யாத்திரை விடுப்பு முடிந்த பிறகும் க்ளினிக் போக வேண்டி வந்தால், கொப்பி எப்படியும் ஒருநாள் என் மேசைக்கு வரும். விதிப்படி நான் அதை மேலே அனுப்ப வேண்டும். அனுப்பினால் என்ன, அனுப்பாவிட்டால் என்ன என்று இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகிறார். என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

நாளைய வேலை: முதல் பஸ்ஸில் அத்தானைப் பெரியாசுபத்திரிக்குக் கூட்டிப்போவது. வேலை என்ன என்று கேட்டால் காவலர் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். கலவைக்கூடத்திலிருந்த பன்னிரண்டு வருடத்தையும் நான் சொல்ல வேண்டும். மீராசாஹிப் நானா ஏறாவூரில் ஏறுவார். அதற்குள் பஸ் நிறைந்துவிடும். அவருக்கு ஓர் இடம் பிடித்து வைக்க வேண்டும்.